பதினேழாம் எண் வீடு

என் ரத்னா, கம்பெனி பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் என் தோளோடு தோள் உட்கார்ந்து வந்தவளே,

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். கொள்ளேகால் பக்கத்து எங்கள் ராமாபுரத்துத் தமிழை நீ எங்களைப் போலவே பேசுவாய், ஆனால் ஓர் எழுத்துக்கூடப் படிக்க வராது. நானோ கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்தைப் பிறகு வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு நானே கற்றேன். உனக்குப் புரியும்படி கன்னடத்திலேயே எழுதியிருக்கலாம்தான். ஆனால் எனக்குக் கோபமும் அழுகையும் தமிழில்தான் வருகின்றன. இரண்டும் இதில் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. மைசூர் ஹெப்பாளில் நாம் இறங்குகிற நிறுத்தம் அதே இடத்தில்தான் இருக்கிறது. நாம் நிழலுக்கு ஒதுங்கிய மரத்தைத்தான் சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டிவிட்டார்கள். நம் பஸ் இப்போதும் காலையில் வருகிறது. பின்னாலேயே ஐ.டி. கம்பெனியின் கண்ணாடி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஒருநாள் வங்கிக்குப் போகும் வழியில் நின்று பார்த்தேன். நம் பஸ்ஸில், நம் இடத்தில், இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கைப்பேசி, பேச்சே இல்லை. நாம் பேசிய பேச்சுக்கு டிரைவர் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருப்பார்?

முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டோர்ஸில் என் மேசைக்கு எதிர் மேசை உனக்கு. நான் போனில் அண்ணனோடு பேசியதைக் கேட்டுவிட்டு, "நீங்க ராமாபுரத்துப் பக்கமா?" என்று கேட்டாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தாய். உன் அப்பாவின் தாத்தா எங்கள் ஊரில் ஷானுபோகராக இருந்தவர், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை. உன் அப்பா சிறுவனாக இருந்தபோதே உங்கள் குடும்பம் மைசூருக்கு வந்துவிட்டது, ஆனாலும் வீட்டில் அந்த ஊர்த் தமிழை விடவில்லை. வேலை கிடைத்து நான் வரும்வரை எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த ஊரைவிட்டு நகர்ந்ததில்லை. "உங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவார்களாம்" என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் உன் டப்பாவிலிருந்த சித்ரான்னத்தை முழுக்க என் தட்டில் கொட்டிவிட்டு என் களியை எடுத்துச் சாப்பிட்டாய். அதிலிருந்து நான் உனக்குச் சரசக்கா.

நான் ஓய்வு பெற்ற வருஷம் அண்ணன் போன் செய்தார். எங்கள் குலதெய்வக் கோயிலைப் புதிதாகக் கட்டுவதாகவும், மண்டபத்தில் முன்னோர் பெயர்களைக் கல்லில் வெட்டப்போவதாகவும் சொன்னார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொள்ளுத்தாத்தா வேலப்பன் வரைதான். அவர் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர், கூடப் பிறந்தவள் வேலாயி. அவர்களைப் பெற்றவர்கள் யார்? அண்ணனுக்குத் தெரியவில்லை. அவர்களுடைய அப்பா மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி மாட்டோடு வந்து, காடு திருத்தி, வீடு கட்டியவர் என்று மட்டும் ஒரு கதை உண்டு. "நீதான் படிச்சவளாச்சே, கண்டுபுடிச்சுக் குடு அம்மிணி" என்றார்.

யாரோ சொன்னார்கள் என்று பழைய ஜனத்தொகைக் கணக்கைத் தேடிப் போனேன். மைசூரில் பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அலுவலகத்தில், கொள்ளேகால் சீமை அந்தக் காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே எழுதிக் கேட்டேன். அச்சடித்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் நகல் வந்தது. எங்கள் ஊரில் இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண் என்று இருந்தது. பெயர் எழுதிய தாள்களை, எண்ணிக்கை எடுத்து முடித்த பிறகு வைத்திருப்பதில்லையாம். அந்த எண்ணிக்கைக்குள் எங்கேயோ எங்கள் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் யார் யாரென்று சொல்ல ஆளில்லை. அந்த நகலை உன்னிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு, உங்கள் வீட்டுப் பரணில் முத்தாத்தாவின், அதாவது அந்த ஷானுபோகரின், காகிதக் கட்டு ஒன்று இருப்பதாகச் சொன்னாய். ஊரில் வீடு வீடாகப் போய்க் கதவில் காவியால் எண் போட்டு, ஆட்களை எழுதியவர் அவர்தானே. மேலே அனுப்பியது போக, தனக்கென்று ஒரு நகல் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்கவே மாட்டேன், ரத்னா. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய புடவை விரித்து, அதன்மேல் அந்தக் கட்டை வைப்போம். காகிதம் அப்பளம்போல் இருந்தது, தாள்கள் வரிசை கலைந்து கிடந்தன. நான் அச்சுக் கன்னடம்தான் படிப்பேன். அந்தப் பழங்கால ஒட்டெழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். உனக்கு உன் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். நீ பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வாய், நோட்டில் நல்ல கன்னடத்தில் எழுதிக்கொள்வாய். "வீடு ஒம்போது. கொயவரு லிங்கப்பா, பொஞ்சாதி, நாலு மக்க, கண்ணு தெரியாத கெழவி ஒண்ணு." இரண்டு மாதத்தில் அந்த ஊர் முழுவதும் நமக்குப் பழக்கமாகிவிட்டது. இரண்டு மனைவிகளுக்கும் ஒரே வயதைச் சொன்ன அந்த ஆளை நினைத்து எவ்வளவு சிரித்தோம்!

அப்புறம் அந்த நாள் வந்தது. நீ வெகுநேரம் ஒரு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். "இங்க இருக்காங்க பாரு சரசக்கா, உங்காளுக" என்றாய். பிறகு நிதானமாகப் படித்தாய். வீடு பதினேழு. மாரப்பன், தொழில் உழவு, சொந்த வீடு, சொந்த நிலம். மனைவி நஞ்சாயி. மக்கள் வேலப்பன், வேலாயி, இரட்டைகள். கைக்குழந்தை சின்னம்மா.

நான் அழுதுவிட்டேன். நீ எழுந்துபோய்க் கேசரி கிண்டி எடுத்து வந்தாய். எனக்காகச் சந்தோஷப்படுகிறாய் என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரமே அவர் கல்லுக்குச் சொல்லிவிட்டார்.

அந்த எழுத்தை எனக்கும் சொல்லிக் கொடு என்று எத்தனை தடவை கேட்டேன்? ஒவ்வொரு தடவையும், "நான் இருக்கறப்ப உனக்கெதுக்கு அந்தப் பூச்சி எழுத்து? பிடக்கா, விடு" என்று பேச்சை மாற்றிவிடுவாய்.

நீ இல்லாமல் போனாய். ஆடி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துபோனாய். காரியமெல்லாம் முடிந்து, வீட்டை ஒழித்துக்கொண்டு பெங்களூருக்குப் புறப்படும்போது உன் மகள் மேகனா என் வீட்டுக்கு வந்தாள். அந்தக் கட்டும் உன் நோட்டும் அவள் கையில் இருந்தன. இவற்றை எனக்குத்தான் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் வேண்டாம் என்று அதற்கு முந்தின வருஷமே நீ சொல்லிவைத்திருந்தாயாம். உள்ளே எனக்கு ஒரு வரியாவது எழுதி வைத்திருப்பாய் என்று தேடினேன். எதுவும் இல்லை.

உன்னை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் அந்த எழுத்தைக் கற்க ஆரம்பித்தேன். உன் நோட்டை ஒரு பக்கமும் பழைய தாளை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, நீ எழுதியதைப் பார்த்து அவர் எழுதியதைப் பிடித்தேன். லிங்கப்பா வீட்டில் 'ல' எப்படி வளைகிறது என்று கண்டேன். கண் தெரியாத கிழவி வரியில் 'க' பிடிபட்டது. நான்கு மாதம் ஆயிற்று. நீ படித்ததில் ஒரு சொல் பிசகவில்லை, ரத்னா. எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாய் என்று ஒவ்வொரு வீட்டிலும் வியந்தேன். உங்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் மட்டும் கடைசியில் ஆசையாகப் படிக்கலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

பதினேழாம் எண்ணுக்கு நேரே இரண்டே எழுத்துதான் இருந்தது. 'காலி.' கன்னடத்திலும் தமிழிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

தாள் மாறிவிட்டதோ என்று முன்னும் பின்னும் புரட்டினேன். ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டு வந்தேன். கடைசியில் மூன்றாம் எண் வீட்டில் கிடைத்தார்கள். அது உங்கள் வீடு. உன் முத்தாத்தா, அவர் மனைவி, பிள்ளைகள், விதவைத் தங்கை எல்லாரையும் எழுதி முடித்துவிட்டு, கீழே சின்ன எழுத்தில், உன் நோட்டில் இல்லாத ஒரு வரி. 'கொட்டிகெயல்லி' என்று ஆரம்பித்தது. மாட்டுக் கொட்டகையில். 'மாரப்ப, ஜீத. நஞ்சி. வேல, வேலி, இரட்டை. சிசு ஒண்ணு.'

ஜீத என்றால் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கூலி என்று வாய்திறந்து கேட்க முடியாமல், ஒரு வீட்டுக்கே தலைமுறையாக உழைத்துக் கிடக்கிற ஆள். ஜோடி மாடு இருந்ததுதான். அது உங்கள் மாடு. எங்கள் ஆட்கள் அதன் பக்கத்தில் படுத்திருந்தார்கள்.

நீ அவர்களை அங்கிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய், காலியாகக் கிடந்த வீட்டில் குடிவைத்திருக்கிறாய். மாரப்ப என்பதை மாரப்பன் ஆக்கி, நஞ்சியை நஞ்சாயி ஆக்கி, பெயரில்லாத சிசுவுக்குச் சின்னம்மா என்று பெயரும் வைத்திருக்கிறாய். ஏன் ரத்னா? என் மனசு நோகக்கூடாது என்றா? உன் வீட்டுப் பெயர் என் முன்னால் கெடக்கூடாது என்றா? அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாயே, அவ்வளவு நேரத்துக்குள் உனக்குள் என்ன நடந்தது?

நாலு நாள் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நான் ஓய்வு பெற்ற அன்று நாம் சேர்ந்து எடுத்த படத்தை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினேன். கொட்டகையில் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பாடுபட்டவர்கள்தானே நாங்கள். அது உனக்குத் தெரிந்திருந்தும், எனக்குத் தெரியக்கூடாது என்று நீயே முடிவு செய்தாயே, அதுதான் வலித்தது. எங்கள் வீட்டுச் செய்தியை உங்கள் வீட்டில்தான் இன்னமும் வைத்திருந்தீர்கள்.

ஐந்தாம் நாள் ஊருக்குப் புறப்பட்டேன். கொள்ளேகால், ஹனூர், ராமாபுரம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் கோயில் வேலையில் நின்றிருந்தார். பெயர்க் கல், மண்டபத்துச் சுவரில் ஏறியிருந்தது. 'மாரப்பன் - நஞ்சாயி, சொந்த வீடும் சொந்த நிலமும் கண்டவர்கள்' என்றும், கீழே மூன்று பிள்ளைகளின் பெயரும் வெட்டி, கறுப்பு மை பூசியிருந்தார்கள். தாளைக் காட்டி, எழுத்து எழுத்தாகப் படித்து விளக்கினேன். அண்ணன் தாளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்லு ஏத்தியாச்சு அம்மிணி. கும்பாபிஷேகத்துக்கு ஊரே வரப்போவுது. இப்பப் போயி மாட்டுக்கொட்டாயில கெடந்தாங்கன்னு எப்பிடிச் சொல்றது?" என்றார். என்னைத் திட்டவும் செய்தார். செத்துப்போனவள் நல்லதுக்குத்தான் சொன்னாள், நீ எதற்குக் கிளறுகிறாய் என்றார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே கிளம்பினார். உங்கள் பழைய வீட்டைப் பார்க்கத்தான். வீடு எப்போதோ கைமாறி, முன்பக்கம் இப்போது மக்காச்சோளக் கிடங்காக இருக்கிறது. பின்பக்கத்தில் கொட்டகையின் ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. மாடு கட்டின கல்தூண் ஒன்றும், குட்டையான ஒரு தண்ணித்தொட்டியும் கிடக்கின்றன. அண்ணன் அந்தச் சுவரோரமாகக் காலால் அளந்து நடந்தார். எட்டடிகூட இல்லை. புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். இந்த அளவில் அஞ்சு பேர் எப்படிப் படுத்தார்கள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புள்ள நல்ல மனசுலதான் நமக்கு ஊடு குடுத்திருக்குது. வேண்டாங்கல. ஆனா அத வாங்கிக்கிட்டா, இவங்க இங்க பட்டது இல்லைன்னு ஆயிருமே அம்மிணி" என்றார்.

நான் அண்ணன் அழுது பார்த்தது அப்பா செத்தபோது ஒரு தடவை, அன்று ஒரு தடவை.

மறுநாள் கல் வேலைக்காரரைக் கூப்பிட்டு, 'சொந்த வீடும் சொந்த நிலமும் கண்டவர்கள்' என்ற வரியை மட்டும் கொத்தி எடுக்கச் சொன்னார். வேறு வரி எழுதலாமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், அந்த இடம் சொரசொரப்பாகவே இருக்கட்டும் என்றார். "கேக்கறவங்களுக்கு வாயாலயே சொல்லிக்கறேன்." சின்னம்மா என்ற பெயரையும் எடுத்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். காகிதத்தில் இல்லாத பெயர், நீ வைத்த பெயர். அண்ணன் தலையாட்டி மறுத்துவிட்டார். அந்தக் குழந்தைக்கு யாராவது ஒரு பெயர் வைத்துத்தானே ஆகவேண்டும், அது இருக்கட்டும் என்றார். எங்கள் குலதெய்வத்தின் முன்னால், நீ பெயர் வைத்த குழந்தை இருக்கிறாள். இது உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் முக்கியமாக இந்தக் கடிதம்.

மேகனாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் தவித்தேன். நீ செய்ததையே நானும் செய்கிறேனோ என்று தோன்றியதும் போன் செய்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் மெல்லக் கேட்டாள், "அம்மா மேல கோபமா ஆன்ட்டி?"

கோபம்தான் என்றேன். தினமும் உன்னிடம் பேசாமல் இருக்கமுடியவில்லை என்றும் சொன்னேன்.

"அம்மாக்கு வெட்கமா இருந்திருக்கும். உங்கள விட்டா அவங்களுக்கு வேற யாரு இருந்தாங்க?" என்றாள்.

கும்பாபிஷேகத்துக்கு அவளே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றாள். அண்ணன் பார்த்துவிட்டுப் போய், "வாம்மா, எலை போட்டிருக்குது" என்று கூட்டி வந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். அன்று முழுவதும் வந்தவர்களெல்லாம் கல்லில் கொத்தின அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, இங்கே என்ன இருந்தது என்று கேட்டார்கள். அண்ணன் ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எங்கள் சித்தப்பா வகையறா ஒருவர், குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பெரும்பாலானவர்கள் நஞ்சாயி என்ற பெயர்மேல் கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மேகனாவும் ஒற்றிக்கொண்டாள்.

உன் படத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீயே அந்தக் கட்டை என்னிடம் சேர்க்கச் சொன்னாய். நான் உட்கார்ந்து படித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியாதா? எதிரே இருந்து சொல்ல முடியாததை இப்படிச் சொன்னாய் என்று எடுத்துக்கொள்கிறேன். சில நாட்களில் அது போதுகிறது, சில நாட்களில் போதவில்லை.

தங்கள் வீட்டு வரியைப் படித்துச் சொல்லக் கேட்டு ஊர் ஆட்கள் இப்போது என் வீட்டுக்கு வருகிறார்கள். லிங்கப்பாவின் வம்சத்தில் வந்த ஒரு பெண் சாமராஜநகரில் அரசாங்க வேலையில் இருக்கிறாள். கண் தெரியாத அந்தக் கிழவி இருந்தாள் என்பதே அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். வரியைப் படித்துச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை வரும் கணக்கெடுப்பைக் கைப்பேசியிலேயே எடுக்கப்போகிறார்கள் என்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருத்திதான் என்று சொல்லவேண்டும். சொல்லும்போது உன் ஞாபகம் வரும்.

உன் திதிக்கு மேகனா வருகிறாள். உங்கள் வீட்டு வரிகளைப் படித்துக்காட்டச் சொல்லி அவளே கேட்டிருக்கிறாள். மூன்றாம் எண்ணை முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பேன். உன் முத்தாத்தா, அவர் மனைவி, பிள்ளைகள், அந்த விதவைத் தங்கை, அப்புறம் நிறுத்தாமல் எங்கள் ஆட்கள். ஒரு வீட்டில் இருந்தவர்களை ஒரே மூச்சில், இருப்பது இருந்தபடியே படிப்பேன். குரல் உடைந்தாலும் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, ரத்னா.

எந்தக் காகிதத்திலும் எழுதப்படாத
உன் அக்கா,
சரசு